வாசற்படி தாண்டாத பிள்ளைகள்

சென்ற தவணை நடந்த பெற்றோர் கூட்டமொன்றில் ஒரு வாப்பா எழுந்து என்னைக் கேட்டார்: "சேர், பிள்ளையள வெளியில கூட்டிட்டுப் போறது, மலை காட்டுறது, குருவி காட்டுறது எல்லாம் நல்லந்தான். ஆனா ஸ்கொலசிப்புக்கு அதில இருந்து எத்தினை கேள்வி வரும்?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது. அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன். அவரை நோகச் செய்வது என் நோக்கமல்ல. அவர் வாயால் வந்தது எம் எல்லோருடைய கேள்வியுந்தான். எமது வீடுகள், எமது பாடசாலைகள், எமது பள்ளிவாசல் நிர்வாகங்கள், எமது எழுத்தாளர்கள் எல்லோரும் சேர்ந்து கேட்கிற கேள்வி அது.

எம்மவரிடையே தரம் ஐந்தில் படிக்கும் ஒரு பிள்ளையின் நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். சுபஹுக்கு எழும்புகிறது. பாடசாலைக்குப் போகிறது. இரண்டு மணிக்கு வந்து சோற்றை விழுங்குகிறது. பின்னேரம் டியூஷன். அது முடிய குர்ஆன் மத்ரஸா. இரவில் மாதிரி வினாத்தாள். சனிக்கிழமை பண்டாரவளைக்கு பஸ் ஏறி இன்னொரு டியூஷன். ஞாயிறு காலையும் அப்படியே. மிஞ்சுகிற ஞாயிறு பின்னேரத்தில் பிள்ளையின் கையில் கைத்தொலைபேசி, வாப்பா கடையில், உம்மா குசினியில். இந்த அட்டவணையில் வானம் எங்கே வருகிறது? வாப்பாவும் உம்மாவும் பிள்ளையும் ஒன்றாக நடந்து போகிற ஒரு நாழிகை எங்கே வருகிறது?

கொஸ்லந்தயிலிருந்து வெல்லவாயப் பாதையில் சில கிலோமீற்றர் இறங்கினால் தியலும நீர்வீழ்ச்சி. 220 மீற்றர் உயரம். பம்பரகந்தைக்கு அடுத்ததாக இலங்கையிலே உயர்ந்தது. பாடப் புத்தகத்தில் இருக்கிறது, வினாத்தாளிலும் வருகிறது. என் வகுப்பில் ஒருநாள் கேட்டேன்: அதன் உச்சிக்குப் போய்ப் பார்த்தவர்கள் யார்? விரல்விட்டு எண்ணக்கூடிய கைகளே உயர்ந்தன. உயரத்தைக் கேட்டபோது வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது. அதே பாதையால் ஐரோப்பாவிலிருந்து வந்த தாய் தகப்பன்மார் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு மேலேறுவதை நாம் கடையில் நின்று பார்க்கிறோம். அவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தலும் விற்கிறோம். ஆறாயிரம் மைல் தாண்டி வருகிறவன் தன் பிள்ளைக்குக் காட்ட விரும்புவதை, ஆறு மைலுக்குள் இருக்கிற நாம் எம் பிள்ளைக்குக் காட்டவில்லை.

2021 இல் கொவிட் காலத்தில் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, ஊவாவின் பின்தங்கிய கிராமங்களில் பிள்ளைகள் கைத்தொலைபேசிக்கு அலைவரிசை தேடி மலையுச்சிக்கும் மரத்தின் மேலும் ஏறிய படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. பார்த்தவர்கள் இரக்கப்பட்டார்கள். எனக்கும் இரக்கந்தான். ஆனாலும் ஒன்று உறுத்தியது. மலையடிவாரத்தில் பிறந்த பிள்ளை மலையேறுவதற்கு ஓர் அலைவரிசை காரணமாக வேண்டியிருந்தது. உச்சிக்குப் போன பிறகும் அதன் கண் கையளவு கண்ணாடிக்குள்ளேதான் கிடந்தது.

நாம் சொல்லும் சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது சாட்டு பயம். இந்த மண்ணில் அந்தப் பயத்தை யாரும் பரிகசிக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில், எங்கள் கொஸ்லந்தயின் மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களைப் புதைத்தது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் தப்பினார்கள். ஆனால் அவர்களில் சிலருக்குத் திரும்பிப் போக வீடும் இருக்கவில்லை, தாய் தகப்பனும் இருக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்து மலைகள் மறுபடியும் சரிந்தன. நாடு முழுவதும் அறுநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். இப்போது மழை இரண்டு நாள் சேர்ந்து பெய்தால் எங்கள் பிள்ளைகள் இரவில் உறங்குவதில்லை. பெற்றோர் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறார்கள்.

ஆனால் நான் கேட்கிறேன்: அந்தக் கதவு எதைத் தடுக்கும்? மீரியபெத்தையில் மலை வெளியில் நின்றவனைத் தேடி வரவில்லை. வீட்டுக்குள் இருந்தவர்களின் மேல்தான் வந்தது. மலைநாட்டில் பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் கதவோடு சேர்த்து இன்னொன்றும் வேண்டும். தான் நிற்கிற நிலத்தைப் பிள்ளை அறிந்திருக்க வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு விழுகிறதா, நேராக நின்ற மரமும் மின்கம்பமும் சாய்கிறதா, புது ஊற்று திடீரென்று கிளம்புகிறதா, இருந்த ஊற்று காரணமில்லாமல் வற்றுகிறதா, தெளிந்து ஓடிய தண்ணீர் சேறாக வருகிறதா என்று பார். இவைதான் மண்சரிவுக்கு முன் மலை காட்டும் அடையாளங்கள் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. இவற்றைச் சுவரில் ஒட்டிய பிரசுரத்தைப் பாடமாக்கி அறிய முடியாது. போன மாதம் இந்த மரம் எப்படி நின்றது என்று தெரிந்தவனுக்குத்தான் இந்த மாதம் அது சாய்ந்திருக்கிறது என்று தெரியும். கோடையில் இந்த ஓடை எந்த நிறத்தில் ஓடியது என்று கண்டவனுக்குத்தான் மாரியில் அதன் நிறம் மாறியது தெரியும். ஒருமுறை சுற்றுலா போய் வருவதால் இந்த அறிவு வராது. வருடம் முழுவதும், வெயிலிலும் பனியிலும் தூறலிலும், அதே பாதையில் திரும்பத் திரும்ப நடந்தால்தான் வரும்.

இந்த இடத்தில் ஒரு நியாயத்தைச் சொல்லாமல் போனால் நான் பொய்யனாவேன். மீரியபெத்தை மக்கள் மலையை அறியாமல் மாண்டவர்கள் அல்லர். அவர்கள் எங்களைவிட மலையை அறிந்தவர்கள். 2005 இலும் 2011 இலும் அந்த இடம் அபாயமானது, அங்கிருந்து மக்களை அகற்ற வேண்டும் என்று எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. எச்சரிக்கை வந்தது, வீடு வரவில்லை. மக்கள் மாண்ட பிறகுதான், 2016 இல், பூனாகலைப் பக்கத்தில் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. ஆகவே நிலத்தை அறிந்தால் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. போக இடம் கொடுக்க வேண்டியது ஆட்சியாளரின் கடமை. ஆனால் அவர்கள் தம் கடமையைச் செய்யவில்லை என்பதற்காக நாமும் எமது கடமையை விட்டுவிடுவதா?

அறிவு உயிர் காத்த இடமும் உண்டு. இந்தோனேசியாவில் சுமாத்திராவுக்கு மேற்கே சிமெலு என்றொரு தீவு. முஸ்லிம்கள் வாழும் தீவு. 1907 இல் அங்கே கடல் பொங்கிப் பெருந்தொகையானோர் மாண்டனர். தப்பியவர்கள் அதை மறக்கவில்லை. நிலம் நடுங்கி, கடல் பின்வாங்கினால் நின்று வேடிக்கை பார்க்காதே, மேட்டுக்கு ஓடு என்று பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னார்கள், தாலாட்டாகப் பாடினார்கள். அதற்கு 'ஸ்மொங்' என்று பெயர். 2004 டிசம்பர் 26 இல் பூமியதிர்ச்சியின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது அந்தத் தீவு. ஏறத்தாழ 78,000 மக்களில் மாண்டவர்கள் 7 பேர். அதே நாளில் எமது மருதமுனையிலும் கல்முனையிலும் நடந்ததை நான் எழுதத் தேவையில்லை. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. கடல் உள்வாங்கியபோது அதைப் பார்க்கக் கரைக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களைத் தடுக்க எம்மிடம் ஒரு தாலாட்டு இருக்கவில்லை.

இரண்டாவது சாட்டு பரீட்சை. பிள்ளை வெளியில் போனால் படிப்புக் கெடும் என்கிறார்கள். பதினெட்டு வருடமாகக் கற்பிக்கிறேன். வகுப்பில் மூக்குக்கண்ணாடி போட்ட பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் கூடுவதைக் காண்கிறேன். வெளி வெளிச்சத்தில் நேரம் செலவிடும் பிள்ளைக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டிவிட்டன. படிப்பில் எவருக்கும் சளைக்காத தாய்வானிலே, 2010 முதல் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியில் விடும் திட்டத்தை அரசே நடத்துகிறது. வருடா வருடம் ஏறிக்கொண்டிருந்த கிட்டப்பார்வை அதற்குப் பிறகு இறங்கத் தொடங்கியது. பின்லாந்தில் பிள்ளைகள் 45 நிமிடம் படித்தால் 15 நிமிடம் வெளியில் விளையாடுகிறார்கள், உறைபனியிலுங்கூட. அந்த நாட்டுக் கல்வியைப் போற்றி எம்மவர்கள் எழுதும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. அந்தப் பதினைந்து நிமிடத்தை மட்டும் ஏனோ எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

எழுத்தைப் பற்றியும் ஓர் ஆசிரியனாகச் சொல்கிறேன். 'எனது கிராமம்' என்று கட்டுரை எழுதச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் வழிகாட்டி நூலில் உள்ள கிராமத்தை எழுதுகிறார்கள். அதில் வயல் வெளி, தென்னஞ்சோலை, வரம்பில் நடக்கும் உழவர்கள்! கொஸ்லந்தயில் தென்னஞ்சோலை எங்கே இருக்கிறது? ஜன்னலுக்கு வெளியே மானாப்புல் நிற்கிறது, நெல்லி நிற்கிறது, கடுக்காயும் தான்றியும் நிற்கின்றன. பேர் தெரியாததால் பிள்ளைக்கு அவை இல்லாதவை. சொந்தக் கண்ணால் கண்டது ஒன்றுமில்லாதவனுக்கு எழுதச் சொந்தமாக என்ன இருக்கும்?

மூன்றாவது சாட்டு மார்க்கம். இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆண் பிள்ளைக்காவது ஒரு கிரிக்கெட் மட்டையும் வெற்றுக் காணியும் கிடைக்கிறது. பெண் பிள்ளை ஒன்பது பத்து வயதைத் தாண்டினால் வாசற்படி அவளுக்கு எல்லை. "பொம்புளப் புள்ளைக்கு மலையில என்ன வேலை?" என்கிறோம். வாப்பாவும் உம்மாவும் நானாவும் கூட வரும்போது ஒரு பிள்ளை மலையேறுவதை எந்த மார்க்கம் தடுத்தது? ஹஜ்ஜுக்குப் போகும் பெண் ஸபா, மர்வா என்ற இரு குன்றுகளுக்கிடையே நடக்கிறாளே, அது யாருடைய நினைவு? தன் குழந்தைக்காக வெட்ட வெளியில் தண்ணீர் தேடி ஓடிய அன்னை ஹாஜராவின் நினைவு அல்லவா? அந்த ஓட்டத்தைக் கடமையாக்கிய மார்க்கத்தின் பெயரால் எமது மகளுக்கு வெயிலை மறுக்கிறோம்.

ஒட்டகத்தையும், உயர்த்தப்பட்ட வானத்தையும், நாட்டப்பட்ட மலைகளையும், விரிக்கப்பட்ட பூமியையும் பார்க்க வேண்டாமா என்று மனிதனைக் கேட்பது அல்குர்ஆனின் அல்-காஷியா அத்தியாயம். எமது பிள்ளைகள் அந்த அத்தியாயத்தை அழகாக ஓதுகிறார்கள். மத்ரஸாவின் ஜன்னலுக்கு வெளியே மலை நிற்கிறது. ஓதி முடித்து ஒருமுறை தலையை உயர்த்திப் பார்க்கச் சொல்லும் ஹஸரத்மாரை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். நபிகளார் (ஸல்) அவர்கள் மழை பெய்தபோது தம் மேலாடையைச் சற்று விலக்கி உடம்பில் மழை படச் செய்தார்கள் என்று ஹதீஸில் படிக்கிறோம். நாம் ஒரு துளி விழுந்தால் பிள்ளையைக் கத்தி உள்ளே கூப்பிடுகிறோம். அபூ உமைர் என்ற சிறுவனிடம் அவன் வளர்த்த சிறு குருவியைப் பற்றி விசாரித்தவர்கள் அவர்கள். பிள்ளையின் குருவியை விசாரிக்க எமக்கு நேரமில்லை.

பிறை பார்ப்பதையும் விட்டுவிட்டோம். என் சிறு வயதில் ஷஃபான் 29 ஆம் நாள் மஃரிபுக்குக் குடும்பமாக மேட்டுக்குப் போவோம். மூத்தம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு முன்னால் நடப்பா. பெரும்பாலும் மேகந்தான் தெரியும். ஆனாலும் மேற்கு எது, சூரியன் எந்த மாதம் எந்த மலைக்குப் பின்னால் விழும் என்று நான் படித்தது அங்கேதான். இன்றைக்குக் கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் அறிவிப்பு கைத்தொலைபேசிக்கு வருகிறது. அறிவிப்பு வரட்டும், தீர்மானம் அங்கேயே நடக்கட்டும். பார்ப்பதை ஏன் விட்டோம்?

வருடத்தின் எல்லாக் காலத்திலும் பிள்ளையோடு வெளியில் இரு என்பது எமக்கு மேற்கிலிருந்து யாரும் இறக்கித் தந்த யோசனையல்ல. எமது நாட்காட்டியே அதைச் சொல்கிறது. ஹிஜ்ரி வருடம் சூரிய வருடத்தைவிட ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. அதனால் றமழான் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2014 இல் ஜூன் கடைசியில், ஆனி ஆடிக் காற்று ஊவாவின் புல்வெளிகளைக் காயவைக்கும் காலத்தில் நோன்பு தொடங்கியது. 2025 இல் மார்ச் தொடக்கத்துக்கு வந்துவிட்டது. ஏறத்தாழ 33 வருடத்தில் ஒரு சுற்று. வெயில், காற்று, பனி, மாரி எல்லாவற்றிலும் ஒருமுறை நிற்க வைத்துத்தான் ஒரு முஸ்லிமை இந்த மார்க்கம் வளர்க்கிறது. அஸரின் நேரத்தை நிழலின் நீளத்தைக் கொண்டு அறியலாம் என்று எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சுவரில் தொங்கும் மணிக்கூடு சொன்னால் தொழுகிறோம். முற்றத்தில் ஒரு தடியை நட்டுக் காட்ட ஐந்து நிமிடம் போதும்.

நான்காவது சாட்டு: "இதெல்லாம் காசுக்காரருக்கு." இதில் பாதி உண்மை. தோட்டத்துத் தாய் விடிகாலையில் கொழுந்துக்குப் போனால் பின்னேரந்தான் வருகிறாள். ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குப் போகிறாள். அவளிடம் போய் "பிள்ளையோடு உலாவு" என்று சொல்ல எனக்கு நா எழாது. அவளுடைய நேரத்தைப் பறித்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. வாழக்கூடிய கூலியைக் கேட்கும்போது, பிள்ளையோடு கழிக்கும் ஒரு நாளையும் சேர்த்தே கேட்கிறோம் என்பதைத் தொழிற்சங்கங்கள் உணர வேண்டும். ஆனால் கடை வைத்திருக்கும் நாமும், மாதச் சம்பளம் எடுக்கும் ஆசிரியர்களாகிய நாமும் அந்தத் தாயின் வறுமையை எமது சாட்டாகக் கடன் வாங்கக் கூடாது. மூன்று டியூஷனுக்குக் கட்டும் காசு எம்மிடம் இருக்கிறது. நடப்பதற்குக் காசு வேண்டாம்.

இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் எழுத்தாளச் சகோதரர்களிடமும் எனக்கு ஒரு வழக்குண்டு. எமது சிறுகதைகளில் கைக்கூலி இருக்கிறது, கலவரம் இருக்கிறது, இடம்பெயர்வு இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கதைகளில் ஒரு குருவிக்குப் பெயர் இருக்கிறதா? ஒரு பிள்ளை தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஓடையைத் தாண்டுகிறதா? பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்தலூசியாவில் இப்னு துபைல் எழுதிய 'ஹய் இப்னு யக்ளான்' எமது சமூகத்தின் செல்வம். இந்தியாவின் தீவுகளில் ஒன்றென்று சொல்லப்பட்ட ஆளில்லாத தீவிலே, மான் பாலூட்டி வளர்த்த ஒரு பிள்ளை, மிருகத்தையும் மரத்தையும் நட்சத்திரத்தையும் பார்த்துப் பார்த்தே படைத்தவனை அறிந்துகொள்கிறது. 1671 இல் இலத்தீனுக்கும், 1708 இல் அரபியிலிருந்து நேரே ஆங்கிலத்துக்கும் போய் ஐரோப்பா படித்த கதை அது. அந்தக் கதையின் வாரிசுகளாகிய நாம் பிள்ளையை நாலு சுவருக்குள் வைத்து இறைவனை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

வெறுமனே குறை சொல்லி முடிக்க விருப்பமில்லை. எமது வட்டாரத்துக்கு ஏற்றதாகச் சிலவற்றைச் சொல்கிறேன். தை மாசியில் பனி விலகும் காலைகளில் நடக்கலாம். மாசி பங்குனியில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங் கூட்டமாகப் பறப்பதைப் பார்க்கலாம். அவை பாவாதமலைக்குப் போகின்றன என்பார்கள் எங்கள் மூத்தம்மாமார். 1344 இல் இப்னு பதூதா அந்த மலையேறிய கதையை அப்போதே பிள்ளைக்குச் சொல்லலாம். சித்திரையில் பின்னேர இடியை வீட்டுத் திண்ணையில் இருந்து பார்க்கலாம், மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனி ஆடியில் பட்டம் விடலாம், வற்றிய ஓடையின் கற்களைப் பார்க்கலாம். காய்ந்த மானாப்புல்லுக்குத் தீ வைப்பது ஏன் பாவம் என்று அந்த இடத்தில் நின்றே சொல்லலாம். ஐப்பசியில் வடக்கிலிருந்து ஆறுமணிக்குருவி வந்துவிடும். விடியலிலும் அந்தியிலும் அது கூவுவதைக் கேட்கலாம். மாரியில் அட்டை கடிக்கும், பாறை வழுக்கும். அப்போது மலைச்சரிவுக்கும் ஓடைக்கும் போகக் கூடாது. ஆனால் பெய்த மழையை ஒரு போத்தலில் பிடித்து அளக்கலாம். எத்தனை அங்குலம் ஏறினால் வீட்டை விட்டு எங்கே போக வேண்டும், எந்தப் பாதையால் போக வேண்டும் என்று குடும்பமாக இருந்து பேசலாம். குளவிக் கூடு எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் அதன் பக்கம் போகாது.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு ஒரு கோரிக்கை. ஞாயிறு அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் எந்த வகுப்பும் ஊரில் நடக்காதபடி பாருங்கள். என் சக ஆசிரியர்களுக்கு ஒரு கோரிக்கை. அந்த நேரத்தை டியூஷனுக்கு விற்காதீர்கள். நான் விற்றவன். நான்கு வருடம் ஞாயிறு பின்னேரம் வகுப்பு வைத்தேன். அந்தக் காசில் வீட்டுக்குக் கூரை போட்டேன். என் மூத்த மகன் அந்த நான்கு வருடத்தில்தான் வளர்ந்து முடிந்தான். இப்போது அவன் வெளியூரில் படிக்கிறான். அவனோடு நான் ஏறாத மலை வீட்டுக்குப் பின்னால் அப்படியே நிற்கிறது. இளைய மகளுக்கு எட்டு வயது. அவளுக்காக வகுப்பை நிறுத்திவிட்டேன்.

அந்த வாப்பாவுக்கு என் பதில் இதுதான். புலமைப்பரிசில் வினாத்தாளில் ஒரு கேள்வியும் வராமல் போகலாம். மலையை, மழையை, பிறையை, பக்கத்தில் நடக்கும் தகப்பனைப் பற்றி அந்தத் தாளில் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒருநாள் இரவு மழை விடாமல் பெய்யும்போது அந்தக் கேள்விகள் வரும். அன்றைக்குப் பதில் தெரிந்த பிள்ளையும் வேண்டும், பதில் தெரிந்த தகப்பனும் வேண்டும்.

வருகிற ஞாயிறு அஸர் தொழுதுவிட்டு நானும் மகளும் மேட்டுப் பாதையால் போகிறோம். உங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நீங்களும் வாருங்கள், நானா.